தசாவதாரத்தில் ஒரு தூண்டில் மீன்

எங்கள் வீட்டில் யாரும் மீன் சாப்பிட்டதில்லை. திருநெல்வேலிச் சைவம், கேக்கைக் கூட முட்டை போட்டதா என்று முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற குடும்பம். மீன் என்றால் எங்களுக்குத் தெப்பக்குளத்தில் பொரி போட்டால் வாயைத் திறந்துகொண்டு வரும் ஜீவன், அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்த என்னுடைய உத்தியோகத்தை எட்டு மாதம் ஒரு மீன் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தது. அதுவும் உயிருள்ள மீன் இல்லை, மர மீன். (சிரிக்க வேண்டாம். எனக்கு இன்னும் எரிச்சல் ஆறவில்லை.)

இதற்கு யார் பொறுப்பு என்று பல வருஷம் ஆள் தேடிக்கொண்டிருந்தேன். முதலில் கர்னல் சாப் என்றேன். பிறகு கட்கி மாணிக்கம் என்றேன். அம்மாவைச் சொன்னேன். ஒரு கட்டத்தில், முதல் அவதாரத்தை மீனாக எடுத்த மகாவிஷ்ணுவையே குறை சொன்னேன் (நேரே ஆமையிலிருந்து ஆரம்பித்திருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்). அந்தப் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போயிருந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் புனேயின் ஹடப்சரில் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் கொள்முதல் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். நேர்முகத் தேர்வு செய்பவர் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று நிர்வாகம் பார்க்க வந்த ஒரு மராட்டிக்காரர். எல்லோருக்கும் அவர் கர்னல் சாப். என் அறைத் தோழன் ஏற்கெனவே அங்கே வேலை பார்த்தான். அவன் எனக்குச் செய்த உபகாரம், கர்னல் சாபுக்குத் தூண்டில் மீன்பிடிப்பு என்றால் உயிர் என்று சொன்னது. விண்ணப்பத்தில் ‘பொழுதுபோக்கு’ என்று ஒரு கட்டம் இருந்தது. என் பொழுதுபோக்கு தூக்கம். அதை எழுதவா முடியும்? தூண்டில் மீன்பிடிப்பு என்று எழுதினேன்.

கர்னல் சாப் அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் மற்ற காகிதங்களை ஓரமாகத் தள்ளினார். எந்த ஆறு என்று கேட்டார். தாமிரபரணி என்றேன். பிடித்ததிலேயே பெரிய மீன் எது என்றார். எனக்கு ஆங்கிலத்தில் தெரிந்த ஒரே மீன் பெயர் சால்மன். பள்ளிக்கூடப் பாடத்தில் வந்தது. அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மீசையை நீவிக்கொண்டு என்னையே பார்த்தார். தாமிரபரணியின் பெருமையில் மனிதர் மயங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். வேலை கிடைத்தது, ஆறு மாதம் தகுதிகாண் பருவம் என்ற நிபந்தனையோடு.

அந்த ஆறு மாதமும் நான் வேலையைவிட மீனுக்குத்தான் அதிகம் பயந்தேன். கேன்டீனில் எதிரே உட்கார்ந்து அவர் நூல் எத்தனை பவுண்டு தாங்கும், சாணி நிறத் தண்ணீரில் எந்த நிறம் எடுபடும் என்றெல்லாம் பேசுவார். நான் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே “அது தண்ணீரைப் பொறுத்தது சார்” என்பேன். எந்தக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் அது. அவரும் தலையாட்டிக்கொள்வார்.

செப்டம்பர் கடைசியில் என்னைக் கூப்பிட்டார். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேஜையில் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. திங்கட்கிழமை அவர் ஒரு மாத விடுப்பில் போகிறார், போவதற்கு முன்னால் போட்டுவிடுவதாகச் சொன்னார். அதற்குமுன் ஒரு சின்ன வேலை என்றார். கட்கியில் மாணிக்கம் என்ற உங்கள் ஊர்க்காரர் எனக்காக ஏழு லூர் செய்திருக்கிறார். அவற்றை வாங்கிக்கொண்டு ஞாயிறு காலை என்னோடு கடக்வாஸ்லா அணைக்கு வா, உனக்குத்தான் விஷயம் தெரியுமே, வாங்கும்போதே சோதித்துப் பார்த்துவிடு என்றார். லூர் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. நிச்சயம் சார், பார்த்துவிடுகிறேன் சார் என்றேன்.

மாணிக்கத்துக்கு அப்போது நாற்பத்தைந்து வயதிருக்கும். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கமிருந்து கட்கி ராணுவ ஃபாக்டரிக்கு வந்த குடும்பம். அவரும் அங்கேதான் மரப் பிரிவில் வேலை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை, ஒரு சிமென்ட் தொட்டி. லூர் என்பது தூண்டிலில் புழுவுக்குப் பதிலாகக் கட்டுகிற பொய் மீன் என்பது அந்தக் கொட்டகையில்தான் எனக்குத் தெரிய வந்தது. விரல் நீளம். பாங்காரா மரம், அதாவது நம் ஊர்க் கல்யாண முருங்கை. ஒரு மழைக்காலமும் ஒரு வெயில் காலமும் காய வைத்த கட்டையை மீனாகச் செதுக்கி, வயிற்றைக் கீறி உள்ளே ஒரே கம்பியைத் தலையிலிருந்து வால் வரை ஓட்டி, ஈயம் வைத்து மூடியிருந்தார். மேலே கொசுவலைத் துணியைப் போர்த்தி வண்ணம் அடித்திருந்ததில் செதில் செதிலாக விழுந்திருந்தது. கண்ணுக்குக் கண்ணாடி மணி. வாயில் அலுமினியத் தகட்டில் ஒரு நாக்கு. வயிற்றிலும் வாலிலும் வளையம் மாட்டி, மும்மூன்று முனை கொண்ட முள். ஏழில் ஒன்று மட்டும் தங்க நிறம். அதை அவர் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

ஒவ்வொன்றையும் நூலில் கட்டித் தொட்டியில் இழுத்துக் காட்டினார். பொய் சொல்லக் கூடாது, அந்த வயதில் எனக்கு எதுவும் எளிதில் பிடிக்காது, ஆனால் அந்தத் தங்க மீன் தண்ணீருக்குள் இடுப்பை வளைத்துக்கொண்டு போனபோது நான் குனிந்துவிட்டேன். கட்டை நீந்துகிறது. அப்படி நீந்தாதவையெல்லாம் என்ன ஆகும் என்று கேட்டேன். அடுப்பைக் காட்டினார். கர்னல் சாப் இந்த ஏழுக்காக எட்டு மாதம் காத்திருந்தாராம். அந்த எட்டு மாதத்தில் அடுப்புக்குப் போனவை இருபதுக்குக் குறையாதாம்.

விஷயம் தெரிந்தவனாயிற்றே, நானும் ஒன்றைச் சோதிக்க வேண்டும் என்று கையில் எடுத்தேன். முள் என் கட்டைவிரலுக்குள் போய்விட்டது. உள்ளே போனால் வெளியே வராதபடிதான் முள் செய்வார்கள் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மாணிக்கம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிளேயரை எடுத்து வந்து, முள்ளை மறுபக்கமாகத் தள்ளி, முனையை வெட்டி, எடுத்துவிட்டார். பிறகு வேறு முள் தேடி, தராசில் நிறுத்து, அதே எடையில் மாட்டினார்.

“தூண்டில் தொட்டவங்க யாரும் இத வயித்துல புடிக்க மாட்டாங்க சார்” என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. பெட்டியை மூடும்போது மட்டும் ஒன்று சொன்னார். “முள்ளு, வளையம் எல்லாத்தையும் சேத்துதான் தொட்டில எடை பாத்துகீறேன். ஒண்ணு மாறுனாலும் கவுந்துடும். அப்புறம் இது வெறும் கட்டை. அவ்ளோதான், அத மட்டும் கர்னல் சாபுக்குச் சொல்லிடுங்க.”

கர்னல் சாப் அப்போது மும்பையில் இருந்தார். ஆகவே பெட்டி ஞாயிறு வரை என் வீட்டில். விரலில் கட்டோடு, மடியில் பெட்டியோடு, இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். அங்கே என் அம்மா நடு ஹாலில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

இங்கே அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு, நவராத்திரிக்கு அவள் எந்த ஊரில் இருக்கிறாளோ அந்த ஊருக்குக் கொலுப் பொம்மைகளும் போகும். அந்த வருஷம் எனக்கு வேலை கிடைத்து ஹடப்சரில் இரண்டு அறை கொண்ட வீடு எடுத்ததால், தகரப் பெட்டியில் வைக்கோல் வைத்துப் பொம்மைகளோடு ரயிலேறி வந்துவிட்டாள். மறுநாள் கொலு வைக்க வேண்டும். பெட்டியைத் திறந்தால் தசாவதாரத்தில் முதல் பொம்மை நொறுங்கிக் கிடக்கிறது.

“ஏல சங்கரா, மச்சாவதாரம் போச்சுல. ரயில்ல எவனோ பெட்டிய மிதிச்சிருக்கான்.”

புனேயில் வேறு வாங்கலாம் என்றேன். கிடைக்காது என்றாள். அப்புறம்தான் என் கையிலிருந்த பெட்டி அவள் கண்ணில் பட்டது. என்ன என்று கேட்டாள். இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஆபீஸ் சாமான் என்று சொல்லி நிறுத்தியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். மீன் பிடிக்கிற கருவி பூஜை வைக்கிற வீட்டில் இருக்கக் கூடாது என்று வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பாள், நானும் பழைய அறைத் தோழனிடம் கொடுத்து வைத்திருப்பேன், கதையும் அங்கேயே முடிந்திருக்கும். நான் சாமர்த்தியசாலி ஆயிற்றே. “பொம்மைம்மா” என்றேன். “மர பொம்மை. மீன் பொம்மை.”

பெட்டியைப் பீரோ மேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். அம்மா அழுகையை நிறுத்தியிருந்தாள். ஏன் நிறுத்தினாள் என்று யோசிக்கிற அறிவு அன்று எனக்கு இல்லை.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தபோது கொலு ஜொலித்தது. ஐந்து படி, வெள்ளை வேட்டி விரிப்பு, சீரியல் விளக்கு. பக்கத்து வீட்டு மராட்டிக்காரப் பெண்கள் இருவர் சுண்டல் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது படியில் தசாவதாரம். ஆமைக்கு முன்னால், நெற்றியில் சந்தனம் குங்குமம், கழுத்தில் (மீனுக்குக் கழுத்து எது என்று கேட்காதீர்கள்) ஒரு சரம் மல்லிகையோடு, கர்னல் சாபின் தங்க மீன். கீழே கேழ்வரகு முளைப்பாரி நடுவே ஒரு கண்ணாடி. அதுதான் தெப்பக்குளம். அதைச் சுற்றிக் களிமண்ணில் ஊன்றிய ஆறு மீன்கள். ஒன்றிலும் முள் இல்லை.

முள் எங்கே என்று கேட்டேன். அம்மா ஒரு மாத்திரை டப்பாவைக் குலுக்கிக் காட்டினாள். பொம்மையில் இப்படியா கொக்கி வைப்பார்கள், குழந்தைகள் வந்து தொட்டால் என்ன ஆகும் என்று கட்டிங் பிளேயரால் முள் மாட்டிய வளையங்களை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டாளாம். முதலில் மீன்களைத் தாம்பாளத் தண்ணீரில்தான் விட்டாளாம். எல்லாம் சீக்கு வந்ததுபோல் ஒருக்களித்துப் படுத்துவிட்டனவாம். அதனால்தான் கண்ணாடி. “ஆனா ரொம்ப நேர்த்தியாச் செஞ்சிருக்கான்ல. ஆரு செஞ்சது?” என்று பாராட்டு வேறு.

பெண்கள் போன பிறகு, ஆபீஸ் பொம்மை, திருப்பித் தர வேண்டும் என்றேன். தரலாம், விஜயதசமி கழித்து என்றாள். கொலு வைக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். படியில் ஏறிய பொம்மை, தசமியன்று ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை முடிக்கும் வரை இறங்காது. இடி விழுந்தாலும் இறங்காது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒரே நாள். தசமிக்கு ஒன்பது நாள். உண்மையைச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா சர்க்கரைப் பொங்கலை அந்த மீனுக்கு முன்னால் வைத்து, மணியடித்து, நைவேத்தியம் செய்துகொண்டிருந்தாள். மீன் வாயைக் கிழிக்கிற கருவிக்கு நைவேத்தியம் செய்கிறாய் என்று அந்த நேரத்தில் எந்த மகன் சொல்வான்? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் துளசி பாக் கடைத்தெருவுக்குப் போய் பிளாஸ்டிக் மீன்கள் ஆறு வாங்கினேன். ஸ்டேஷனரிக் கடையில் சாவி வளையம் ஒரு டஜன். சாயங்காலம் அம்மா வெற்றிலை பாக்கு வாங்கப் பக்கத்து வீட்டுக்குப் போன அரை மணி நேரத்தில், தெப்பக்குளத்து மீன்களைப் பிடுங்கிவிட்டுப் பிளாஸ்டிக்கை நட்டேன். டப்பாவிலிருந்த முள்களைக் கைக்கு வந்தபடி சாவி வளையத்தில் கோத்து மாட்டினேன். எது எந்த மீனின் முள், எது வயிறு, எது வால், யார் கண்டது? ‘ஒண்ணு மாறுனாலும் கவுந்துடும்’ என்று மாணிக்கம் சொன்னது காதில் ஒலித்தது. இவர்கள் எல்லாம் தங்கள் தொழிலைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளச் சொல்வது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

தங்க மீனைத் தொட முடியவில்லை. கையை நீட்டினேன். சந்தனமும் குங்குமமுமாக அது என்னைக் கண்ணாடிக் கண்ணால் பார்த்தது. பெருமாளை எடுத்துப் பாக்கெட்டில் போட எனக்குத் தைரியம் வரவில்லை. (வேலை போய்விடும் என்ற பயத்தைவிடப் பெரிய பயம் உலகத்தில் உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன்.) கர்னல் சாபிடம் ஏழாவது மீன் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த வாரத்தின் மூன்றாவது புத்திசாலித்தனம் அது.

ஞாயிறு ஆறு மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் ஜீப் வந்து நின்றது. கடக்வாஸ்லா அணையில் மழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்திருந்தது. கர்னல் சாப் கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் சந்தோஷமாக இருந்தார். பெட்டியை மடியில் வைத்து, முதல் மீனை நூலில் கட்டி, பின்னால் சாய்ந்து வீசினார். அது விழுந்தது. இழுத்தார். அது ஒருக்களித்துப் படுத்தபடியே கரைக்கு வந்தது. இரண்டாவது, வயிறு மேலே தெரிய மல்லாந்து வந்தது. மூன்றாவது நேராகத் தலைகீழாக இறங்கிச் சேற்றில் குத்திக்கொண்டது. நான்காவது ராட்டினம்போல் சுற்றி, நூலெல்லாம் முறுக்கேறிவிட்டது.

கர்னல் சாப் தூண்டிலைக் கீழே வைத்தார். ஐந்தாவது மீனை எடுத்துக் கண்ணருகே வைத்துச் சாவி வளையத்தைப் பார்த்தார். வயிற்றில் ஒட்டியிருந்த களிமண்ணைச் சுரண்டினார். மீனை முகர்ந்தார். பிறகு பெட்டியின் மூலையிலிருந்து எதையோ பொறுக்கி உள்ளங்கையில் வைத்து என் முன்னால் நீட்டினார். தாளித்த கொண்டைக்கடலை. பக்கத்தில் ஒரு கடுகு கூட இருந்தது.

ஏழாவது எங்கே என்று மட்டும் கேட்டார். தயாராகவில்லை என்று ஆரம்பித்தேன். மாணிக்கம் வியாழக்கிழமையே தொலைபேசியில் ஏழும் கொடுத்தாகிவிட்டது என்று சொன்னதாகச் சொன்னார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கொலு, மச்சாவதாரம், ரயிலில் பெட்டியை மிதித்தவன், வெட்டிய வளையம் எல்லாம். அவர் அதைக் கேட்டபடியே ஜீப்பைக் கிளப்பினார். வீட்டுக்கு வழி சொல் என்றார்.

காலை ஒன்பது மணிக்கு என் வீட்டில் நடந்ததை நான் விரும்பி நினைப்பதில்லை. அம்மாவுக்கு இந்தி தெரியாது. கர்னல் சாபுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் மொழிபெயர்க்க நான் ஒருவன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கொலு முன்னால் நின்று, சரியாக மூன்றாவது படியைப் பார்த்தார். அம்மா அவரை உட்கார வைத்துச் சுண்டல் கொடுத்தாள். ஆபீசில் பெரியவர், கொலு பார்க்க வந்திருக்கிறார் என்றேன். இந்த மீன் எப்போது கிடைக்கும் என்று கேள் என்றார் அவர். கொலு ரொம்ப அழகு என்கிறார் என்றேன். அம்மா, ஆறு மீனை எவனோ எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக்கை வைத்திருக்கிறான், நேற்றே பார்த்தேன், விருந்தாளி முன்னால் வேண்டாம், அப்புறம் உன்னை வைத்துக்கொள்கிறேன் என்றாள். உங்கள் வருகைக்கு நன்றி சொல்கிறாள் என்று இந்தியில் சொன்னேன்.

கர்னல் சாபுக்கு என் மொழிபெயர்ப்பில் நம்பிக்கை போய்விட்டது. எழுந்து நின்றார். கையில் தூண்டில் இருப்பதுபோல் பின்னால் சாய்ந்து வீசினார். ராட்டையைச் சுற்றினார். தங்க மீனைக் காட்டினார், தண்ணீரில் அது நெளிவதுபோல் கையை நெளித்தார். பிறகு ஆள்காட்டி விரலைத் தன் கன்னத்துக்குள் விட்டு வெளியே இழுத்து, கண்ணை உருட்டி, பிடிபட்ட மீனாக இரண்டு முறை துள்ளினார். அறுபது வயது மனிதர், மீசையோடு.

அம்மா சுண்டல் கரண்டியை மெதுவாகக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

“மீன் பிடிக்கதா இது? நீ பொம்மைன்னுல்லா சொன்ன.”

அம்மா என்ன சொல்கிறாள் என்று கர்னல் சாப் கேட்டார். எனக்கு அதற்குமேல் தெம்பில்லை. அப்படியே மொழிபெயர்த்தேன். பொம்மை என்றா சொன்னாய் என்று அவரும் அதையே கேட்டார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை புரியாத இருவர் என் விஷயத்தில் அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அப்புறம் பேச்சு சட்டென்று முடிந்தது. தசமிக்கு முன்னால் இறங்காது என்று அம்மா சொன்னதைச் சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர் வீட்டிலும் கட ஸ்தாபனை என்று கலசம் வைப்பார்களாம், தசரா வரை யாரும் கை வைக்க மாட்டார்கள். தசராவுக்கு ஆயுதத்தைப் பூஜையில் வைப்பது எங்களுக்கும் வழக்கம், என் ஆயுதம் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டது என்றார். கையெடுத்துக் கும்பிட்டார். நான் பெருமூச்சு விட்டேன். தசராவுக்கு மறுநாள் அனுப்பினால் போதும் என்று சொல் என்றார்.

அதைச் சொன்னேன். அம்மா மாட்டேன் என்றாள்.

“நைவேத்தியம் பண்ணியாச்சு. இனி அத முள்ளு மாட்டித் தண்ணியில எறிய விடமாட்டேன். அந்த ஆறையும் கொண்டு போகச் சொல்லு. இது இங்கதான் இருக்கும். கோவிச்சுக்கிட வேண்டாம்னு சொல்லு.”

இதையும் மொழிபெயர்த்தேன். கர்னல் சாப் அந்த மீனை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு வலித்தது என்று நன்றாகத் தெரிந்தது. சண்டை போட்ட மனிதர், என் அம்மாவிடம் போடவில்லை. சுண்டலைச் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, வாசலில் செருப்பு மாட்டும்போது எனக்குத் தீர்ப்புச் சொன்னார். மாணிக்கம் இதேபோல் இன்னொன்று செய்து தரும் வரை உன் தகுதிகாண் பருவம் நீடிக்கும். பிறகு ஏதோ ஞாபகம் வந்ததுபோல், தாமிரபரணியில் சால்மன் கிடையாது என்றும் சொன்னார். எப்போதிலிருந்து தெரியும் சார் என்றேன். எப்போதிலிருந்து தெரியாமல் இருந்தது என்று கேட்டுவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இப்படியாக என் வேலை மாணிக்கத்தின் உளிக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. சனிக்கிழமைதோறும் கட்கிக்குப் போவேன். கட்டை காய்கிறது என்பார். அடுத்த வாரமும் காய்கிறது என்பார். நான்காம் மாதம் ஒரு மீன் முடிந்தது. எனக்குப் பார்க்க அச்சு அசல் அதே மீன். தொட்டியில் இரண்டு தரம் இழுத்துவிட்டு, இடது பக்கம் சாய்கிறது என்று என் கண் முன்னால் அடுப்பில் போட்டார். என் நிரந்தர வேலை எரிவதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் சாய்ந்தால் என்ன, கர்னல் சாபுக்குத் தெரியவா போகிறது, என் வேலை இருக்கிறதே என்று கெஞ்சினேன்.

“உங்க வேலை மீனுக்கு எப்படித் தெரியும் சார்?” என்றார் மாணிக்கம்.

அந்த மனிதர்மேல் எனக்கு எவ்வளவு ஆத்திரம் என்று சொல்லி முடியாது. ஆனால் இதையும் சொல்லிவிட வேண்டும். நடந்ததை முதலில் அவரிடம் சொன்னபோது, முள்ளை வெட்டியதற்கு அவர் கோபப்படவில்லை, பூஜையில் வைத்ததற்கும் இல்லை. முள் இல்லாமல் அது எப்படி நிற்கிறது என்றுதான் கேட்டார். ஆமைமேல் சாய்த்து வைத்திருக்கிறோம் என்றேன். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லையாம். தசமி கழிந்த முதல் ஞாயிறு கருவிப் பையோடு ஹடப்சருக்கே வந்துவிட்டார். அம்மாவிடம் ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். மீனின் வயிற்றில் துளையிட்டு, ஈயத்தை மணி மணியாகப் போட்டு, மிதக்கவிட்டு, எடுத்து, மறுபடி போட்டு, முள் இல்லாமலே அது நிமிர்ந்து நிற்கும் வரை இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். துளையை அடைத்து வண்ணமும் பூசினார். சாமியாகிவிட்டது, இனி தண்ணீருக்குப் போகாதே, எதற்கு இவ்வளவு சிரமம் என்று கேட்டேன். படியில் இருந்தாலும் என் கை செய்தது, கவிழக் கூடாது என்றார். அம்மா அவருக்கு இரண்டாவது முறை காப்பி போட்டாள். எனக்குப் போடவில்லை.

ஜூன் மாதம், முதல் மழையன்று, புது மீன் கர்னல் சாபின் கைக்குப் போனது. மறுநாள் காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. அதன் பிறகு அவர் மகளோடு நாக்பூருக்குப் போகும் வரை ஒவ்வொரு நவராத்திரிக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். மூன்றாவது படி முன்னால் நின்று, என்ன மாதிரி நீந்தக் கூடியது தெரியுமா என்று அலுத்துக்கொள்வார். நான் மொழிபெயர்ப்பேன். அம்மா இன்னொரு கரண்டி சுண்டல் போடுவாள்.

எங்கள் வீட்டில் யாராவது பொய் சொல்கிறார்கள் என்று சந்தேகம் வந்தால் இன்றுவரை யாரும் பொய் என்று சொல்வதில்லை. “பொம்மையா?” என்று கேட்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் என் சம்பளத்தைச் சொன்னபோது, இவன் சொல்வதை எதற்கும் விசாரித்துக்கொள்ளுங்கள் என்று அம்மா இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சம்மதித்தாள். கல்யாணமாகிப் பத்து வருஷம், ஆபீசில் வேலை இருந்தது, தாமதமாகிவிட்டது என்றால் அவள் கேட்பதும் அதே ஒரு வார்த்தைதான்.

கடைசியாக ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நவராத்திரி நெருங்கும்போது பொம்மைகளைத் துடைத்துக்கொண்டிருந்தோம். என் ஆறு வயது மகள் மச்சாவதாரத்தின் மூக்கில் நீட்டியிருந்த கம்பி வளையத்தில் தையல் நூலைக் கட்டித் துணி ஊற வைக்கும் பெரிய டப்பில் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் பதறி எழுந்தேன். அதற்குள் அம்மாவே பார்த்துவிட்டாள். வீடு இரண்டாகப் போகிறது என்று நினைத்தேன். அம்மா ஒரு மணையை இழுத்துப் போட்டு டப்பின் அருகே உட்கார்ந்தாள். இன்னொரு தரம் இழு என்றாள். தங்க மீன் இடுப்பை வளைத்து, தகட்டு நாக்கால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு, உள்ளே இறங்கி, நிமிர்ந்து, அவள் முழங்காலருகே வந்து நின்றது. இத்தனை வருஷம் அதற்குப் பூ வைத்தவள், அது நீந்தி அன்றுதான் பார்க்கிறாள். மறுபடி இழுக்கச் சொன்னாள். மறுபடியும்.

பிறகு தலையைத் திருப்பி, நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்தாள்.

“இதப் போயி பொம்மைன்னு சொன்னியேல.”

அன்றைக்குத்தான் பட்டியலில் விட்டுப்போன அந்தப் பெயரையும் எழுதிக்கொண்டேன்.